திருவொற்றியூரா, பெரம்பூரா, மாதவரமா, பொன்னேரியா? வடசென்னையில் சத்தமில்லாத வாடகை வீடு

கிண்டியிலோ மவுண்ட் ரோட்டிலோ வேலை கிடைத்து வீடு தேடுகிறவர்களுக்கு எல்லோரும் சொல்லும் ஊர்கள் வேளச்சேரி, மடிப்பாக்கம், நங்கநல்லூர், குரோம்பேட்டை. வடக்கே திருவொற்றியூர், பெரம்பூர் பக்கமும் பாருங்களேன் என்றால் முகம் சுளிப்பவர்கள்தான் அதிகம். லாரி, புகை, நெரிசல், உப்புத்தண்ணீர் என்று ஒரே மூச்சில் அடுக்குவார்கள். அதில் உண்மை இருக்கிறது. ஆனால் வடசென்னை முழுக்க ஒரே மாதிரி கிடையாது. மெயின் ரோட்டில் ராத்திரி முழுக்கக் கன்டெய்னர் லாரி ஓடும். அங்கிருந்து மூன்று தெரு உள்ளே போனால் பத்து மணிக்கு மேல் நாய் குரைப்பது மட்டும்தான் கேட்கும். அந்த மூன்றாவது தெருவைக் கண்டுபிடிப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அதற்கு ஏரியா பெயரைவிட, எந்த ரோட்டில் லாரி போகிறது, எந்தப் பக்கத்திலிருந்து காற்று வருகிறது என்று தெரிந்திருப்பது முக்கியம்.

என் அக்கா மகள் மவுண்ட் ரோட்டில் ஓர் ஆடிட்டர் ஆபீசில் சேர்ந்திருக்கிறாள். வேலை முடிந்து வந்து சி.ஏ. பரீட்சைக்குப் படிக்க வேண்டும். சத்தம் இருந்தால் அவளுக்குப் படிப்பு ஓடாது. கூட இருக்கப்போவது அக்கா. அக்காவுக்கு வீசிங் உண்டு. சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வாடகைக்குப் போகக் கூடாது என்பது அவள் கணக்கு. "சித்தி, உங்களுக்குத்தானே அந்தப் பக்கம் தெரியும்" என்று என்னைக் கூப்பிட்டாள். பிறந்து வளர்ந்தது தண்டையார்பேட்டை, கல்யாணத்துக்குப் பிறகும் வடசென்னையை விட்டு நகரவில்லை என்பதால், அவளோடு சேர்ந்து நான்கு பக்கமும் அலைந்தேன். அதிலிருந்து எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. வீட்டைப் பார்ப்பதற்கு முன் ரயிலைப் பாருங்கள். வடசென்னையிலிருந்து தெற்கே தினமும் பைக்கில் போய்வரலாம் என்று நினைப்பவர்கள், பீக் ஹவரில் மின்ட், பேசின் பிரிட்ஜ், சென்ட்ரல் மூன்றையும் ஒரு வாரம் கடந்து பார்த்துவிட்டு முடிவு செய்யட்டும். பஸ் உண்டு, சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்கு 2021 மே மாதத்திலிருந்து டிக்கெட்டே இல்லை. மாதச் செலவில் இது பெரிய உதவி. ஆனால் படிக்க வேண்டிய பெண்ணின் இரண்டு மணி நேரத்தை டிராஃபிக் விழுங்கிவிட்டால் அந்த மிச்சத்தால் என்ன பயன்? இங்கே தண்டவாளம் மூன்று. விம்கோ நகர் டிப்போவிலிருந்து விமான நிலையம் போகும் மெட்ரோ நீல வழி ஒன்று. சென்ட்ரலிலிருந்து கும்மிடிப்பூண்டி போகும் புறநகர் ரயில் இன்னொன்று. வியாசர்பாடி ஜீவா, பெரம்பூர், வில்லிவாக்கம் வழியாக அம்பத்தூர், ஆவடி பக்கம் போவது மூன்றாவது. இந்த மூன்றில் ஏதாவது ஒரு ஸ்டேஷனுக்கு நடந்து போகிற தூரத்தில் வீடு இருக்க வேண்டும். ஷேர் ஆட்டோ பிடித்துத்தான் ஸ்டேஷன் போக முடியும் என்றால், காசு ஒரு பக்கம், மழை நாளில் படும் பாடு இன்னொரு பக்கம்.

பழைய ஏரியாக்களான ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டை, மின்ட் பக்கத்தைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். தூரத்தில் அவற்றை அடிக்க முடியாது. ஆனால் எம்.சி. ரோடு ஜவுளிக் கடைகளும் மொத்த வியாபாரமும் இருக்கும் இடத்தில் அமைதியை எதிர்பார்க்கக் கூடாது. வீடுகளும் பெரும்பாலும் போர்ஷன். சுவருக்கு அந்தப் பக்கம் ஓடும் சீரியல் உங்கள் வீட்டில் ஓடுவது போலவே கேட்கும். தனியாக இருக்கும் பையன்களுக்குச் சரி. படிப்பவளுக்குச் சரிப்படாது.

திருவொற்றியூர்

2021 பிப்ரவரி 14 அன்று வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை ஒன்பது கிலோமீட்டருக்கு மெட்ரோ நீண்டது. இந்த ஏரியாவின் தலையெழுத்தே அன்றைக்கு மாறியது என்பேன். ஐகோர்ட், சென்ட்ரல், எல்.ஐ.சி., ஆயிரம் விளக்கு, தேனாம்பேட்டை, சைதாப்பேட்டை, கிண்டி எல்லாம் வண்டி மாறாமல் ஒரே ரயிலில். அக்கா மகளுக்கு இதுதான் பிடித்தது. ஏறி உட்கார்ந்து புத்தகத்தைத் திறந்தால் எல்.ஐ.சி. வரும்போது மூடினால் போதும்.

வாடகை பெரம்பூரைவிடக் குறைவு. ஆனால் மெட்ரோ டிக்கெட்டையும் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும். கட்டணம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. கார்டிலோ க்யூஆர் டிக்கெட்டிலோ போனால் 20 சதவீதம் தள்ளுபடி. ஒரு வழிக்கு 40 ரூபாய் என்று வைத்தால் 32 ஆகும். மாதம் 25 நாளுக்கு 1,600 ரூபாய். ஆக, இங்கே 9,000 ரூபாய்க்கு வீடு கிடைத்தால் அதை 10,600 என்று நினைத்துக்கொண்டு மற்ற இடங்களோடு ஒப்பிடுங்கள்.

சத்தத்தைப் பொறுத்தவரை திருவொற்றியூரை நீள நீளமான கீற்றுகளாகப் பார்க்க வேண்டும். கிழக்கே கடல், அதை ஒட்டி எண்ணூர் விரைவுச் சாலை. நடுவில் திருவொற்றியூர் நெடுஞ்சாலை, அதன் தலைக்கு மேலே மெட்ரோ. மேற்கே கும்மிடிப்பூண்டி ரயில் பாதை. அதையும் தாண்டினால் சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட், மணலி. விரைவுச் சாலைதான் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகளின் வழி. பகலில் அது ஒரு இரைச்சல். ராத்திரியிலோ லாரி நின்று கிளம்பும் ஒவ்வொரு தடவையும் ஏர் பிரேக் "ஸ்ஸ்ஸ்" என்று சீறும். ஜன்னல் கண்ணாடி லேசாக அதிரும். கடல் காற்று வரும் என்று ஆசைப்பட்டு அந்தச் சாலையை ஒட்டி வீடு எடுக்காதீர்கள். மேற்கே ரயில் பாதையை ஒட்டியும் வேண்டாம். லோக்கல் ரயில் ராத்திரி நின்றுவிடும். ஆந்திராவுக்கும் வடக்கேயும் போகும் எக்ஸ்பிரஸ்களும் சரக்கு ரயில்களும் நிற்காது.

மிச்சமிருப்பது நடுக்கீற்றுகள். காலடிப்பேட்டை, ராஜாக்கடை, தேரடி பக்கங்களில் மெயின் ரோட்டிலிருந்து இரண்டு மூன்று தெரு உள்ளே. காலடிப்பேட்டை 18ஆம் நூற்றாண்டில் கவர்னர் காலெட் காலத்தில் நெசவாளர்களைக் குடியமர்த்திய இடம். அந்தக் காலத்துத் தெரு அமைப்புக்கு லாரி உள்ளே வர வேலையே இல்லை. கார் வைத்திருப்பவர்களுக்கு அது தலைவலி. அக்கா மகளிடம் ஸ்கூட்டிகூட இல்லை, அவளுக்கு அது வரம். டோல்கேட்டிலிருந்து வடக்கே மெட்ரோ மேம்பாலத்தில் போகிறது என்பதையும் நினைவில் வையுங்கள். நெடுஞ்சாலையை ஒட்டிய இரண்டாம் மூன்றாம் மாடி என்றால் ராத்திரி பதினோரு மணி வரை ரயில் சத்தம் கேட்கும். அடுத்த தெருவுக்குள் போய்விட்டால் இல்லை. வடிவுடையம்மன் கோயில் சன்னதித் தெருப் பக்கம் பௌர்ணமிக்கும் மாசி பிரம்மோற்சவத்துக்கும் கூட்டம் பொங்கும், மைக்செட்டும் உண்டு. வருஷத்தில் சில நாள்தானே என்று நான் பொறுத்துக்கொள்வேன். பரீட்சை அந்த மாதத்தில் வந்தால் யோசிக்க வேண்டும்.

தண்ணீர்தான் இங்கே கவனிக்க வேண்டிய விஷயம். காலடிப்பேட்டையில் பார்த்த ஒரு வீட்டில், "போர்ல எப்பவும் தண்ணி வரும், அந்தக் கவலையே வேணாம்மா" என்றார் ஹவுஸ் ஓனர் அம்மா. வருவது உண்மைதான். ஆனால் பாத்ரூம் குழாயின் வாயைச் சுற்றி வெள்ளையாகப் பொருக்கு கட்டியிருந்தது. கையில் சோப்பைத் தேய்த்தால் நுரைக்காமல் பிசுபிசுத்தது. கடலோரத்தில் போர் தண்ணீர் உப்பாக இருப்பதற்கு யார் மேலும் குறை சொல்ல முடியாது. கேட்க வேண்டிய கேள்வி, குடிநீர் வாரியத் தண்ணீரான மெட்ரோ வாட்டர் தரைக்கடித் தொட்டியான சம்ப்புக்கு வருகிறதா என்பதுதான்: "மெட்ரோ வாட்டர் சம்ப்புக்கு வருதாம்மா, இல்ல தெருக் குழாய்ல பிடிக்கணுமா? சம்ப் எத்தனை வீட்டுக்கு?" அந்த அம்மா யோசித்துவிட்டு, மெட்ரோ வாட்டர் கீழ்த்தள சம்ப்புக்கு வருகிறது, மாடிக்குக் குடத்தில்தான் தூக்க வேண்டும் என்று நேர்மையாகச் சொன்னார். வீசிங் இருக்கும் அக்காவால் மாடிக்குக் குடம் தூக்க முடியுமா? அந்த வீட்டை விட்டோம். இரண்டு தெரு தள்ளி, மெட்ரோ வாட்டரையும் மோட்டார் போட்டு மேல் டேங்க்குக்கு ஏற்றும் வீடு கிடைத்தது. வாடகை 700 ரூபாய் கூடுதல். அதைத் தயங்காமல் கொடுக்கலாம்.

அடுத்தது காற்று. மணலியில் சுத்திகரிப்பு ஆலையும் உரத் தொழிற்சாலையும் இருப்பது திருவொற்றியூருக்கு மேற்கே. மதியத்துக்கு மேல் கடல் காற்று அடிக்கும்போது வாடை மேற்கே தள்ளப்படும். பின்னிரவிலும் விடியற்காலையிலும் தரைக் காற்று கடலை நோக்கித் திரும்பும்போது அந்த வாடை திருவொற்றியூர்ப் பக்கம் வரும். அதனால் சாயங்காலம் போய் "நல்ல காத்தோட்டமா இருக்கே" என்று அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வராதீர்கள். விடியற்காலை ஐந்து மணிக்கு ஒருமுறை அந்தத் தெருவில் நின்று மூச்சை இழுத்துப் பாருங்கள். மேற்கே ரயில் பாதையை நெருங்க நெருங்க வாடை கூடும், கிழக்கே குறையும். அதையும் சேர்த்துத்தான் காலடிப்பேட்டையின் கிழக்குத் தெருக்களைத் தேர்ந்தெடுத்தோம்.

விம்கோ நகருக்கு வடக்கே எர்ணாவூர், எண்ணூர் பக்கம் போனால் வாடகை இன்னும் இறங்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் மழையோடு எண்ணெய் கலந்து எண்ணூர் முகத்துவாரம் வரை படர்ந்தது. அதே மாதக் கடைசியில் பெரியகுப்பத்தில் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்து ஜனங்கள் நள்ளிரவில் வீட்டை விட்டு ஓடினார்கள். மூச்சுத் தொந்தரவு உள்ளவரை அங்கே குடிவைக்க எனக்கு மனம் வரவில்லை. வேறு வழியில்லாமல் அந்தக் காற்றையே சுவாசித்துக்கொண்டு தலைமுறையாக வாழும் ஜனங்களுக்கு நடப்பது பெரிய அநியாயம்.

பெரம்பூரும் வில்லிவாக்கமும்

ரயில்வேயால் வளர்ந்த ஊர். 1955இல் தொடங்கிய ரயில் பெட்டித் தொழிற்சாலையான ஐ.சி.எஃப்., கேரேஜ் ஒர்க்ஸ், லோகோ ஒர்க்ஸ், ரயில்வே ஆஸ்பத்திரி. ரயில்வே காலனிகளில் நிற்கும் மரங்களைப் பார்த்தாலே மனசு குளிர்ந்துவிடும். குவார்ட்டர்ஸ் நமக்குக் கிடைக்காது. அதை ஒட்டிய தெருக்களில் கிடைக்கும். ஜவஹர் நகர், அகரம், திரு.வி.க. நகரின் உள்தெருக்கள், வில்லிவாக்கத்தில் சிட்கோ நகர்ப் பக்கம். கடலிலிருந்து தள்ளி இருப்பதால் நிலத்தடி நீர் திருவொற்றியூர் அளவுக்கு உப்பில்லை. காற்றும் அக்காவுக்கு ஒத்துக்கொள்ளும். நான்கில், வீடு என்ற அளவில் எனக்கு மிகப் பிடித்தது இந்தப் பக்கம்தான்.

வேலை அம்பத்தூர் எஸ்டேட்டில் என்றால் யோசிக்கவே வேண்டாம். பட்டரவாக்கம் ஸ்டேஷன் எஸ்டேட்டை ஒட்டியே இருக்கிறது. காலையில் எல்லோரும் சென்ட்ரல் பக்கம் போகும்போது நீங்கள் எதிர்த்திசையில் உட்கார்ந்து போகலாம். பாரிமுனை, சென்ட்ரல் பக்கம் வேலை என்றாலும் லோக்கல் ரயில் போதும். சீசன் டிக்கெட் மெட்ரோவோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. மவுண்ட் ரோட்டுக்குத்தான் சென்ட்ரலில் இறங்கி மெட்ரோ மாற வேண்டும். ஜெமினிப் பக்கம், மயிலாப்பூர், அடையாறு போகிறவர்களுக்குப் பெரம்பூரிலிருந்து பெசன்ட் நகர் போகும் 29சி பஸ் இருக்கவே இருக்கிறது.

பிரச்சினை வாடகை. அதே அளவு வீட்டுக்குத் திருவொற்றியூரைவிடக் கணிசமாகக் கூடுதலாகவே எல்லா இடத்திலும் கேட்டார்கள். மெட்ரோ இரண்டாம் கட்டத்துக்காகப் பெரம்பூர், அயனாவரம், ஓட்டேரி வழியாகப் பாதை போடுகிறார்கள். அந்த வேலை நடக்கும் சாலைகளுக்குப் பக்கத்தில் இப்போதைக்கு வேண்டாம். முடிந்த பிறகு நிலைமையே வேறு.

மழையையும் விசாரியுங்கள். ஓட்டேரி நல்லா கால்வாய் ஓரங்கள், பட்டாளம், புளியந்தோப்பு எல்லாம் தாழ்ந்த பகுதி. கனமழை என்றால் வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதையை மூடுவது வழக்கம். "நாம மாடிதானே, தண்ணி எங்க வரப்போகுது" என்று நினைக்காதீர்கள். தெருவில் முழங்கால் தண்ணீர் நின்றால் சம்ப்புக்குள் சாக்கடை இறங்கும். மாடியில் இருப்பவரும் அதே சம்ப் தண்ணீரில்தான் பல் துலக்க வேண்டும். ஓனரிடம் கேட்டால் "நம்ம தெருல நிக்காதுங்க" என்பார். தெருமுனை மளிகைக் கடைக்காரரிடம் 2023 டிசம்பரில் எதுவரை வந்தது என்று கேளுங்கள். கடைச் சுவரில் கையை வைத்தே காட்டுவார்.

கொளத்தூர், மாதவரம்

வீடுகள் புதுசு. தெரு அகலம், தனி மீட்டர், வண்டி நிறுத்த இடம், வெளிச்சம் எல்லாம் கிடைக்கும். மாதவரம் பால்பண்ணை, கால்நடைப் பல்கலைக்கழக வளாகத்தை ஒட்டிய பக்கம் உண்மையிலேயே அமைதி. அண்ணா நகரிலோ அம்பத்தூரிலோ வேலை, கையில் பைக் இருக்கிறது என்றால் முதலில் இங்கே பாருங்கள்.

மவுண்ட் ரோட்டுக்கு மட்டும் இப்போது வேண்டாம் என்பேன். இரண்டாம் கட்ட மெட்ரோவில் இரண்டு வழித்தடங்கள் மாதவரத்திலிருந்துதான் புறப்படப்போகின்றன. அதைச் சொல்லியே வாடகையை ஏற்றுகிறார்கள். ஓடாத ரயிலுக்கு மாதாமாதம் நாம் ஏன் காசு கொடுக்க வேண்டும்? ஓட ஆரம்பித்ததும் வந்து பார்த்துக்கொள்ளலாம். ஜி.என்.டி. ரோடும் இருநூறடி ரோடும் லாரிகளின் ராஜபாட்டை. அவற்றிலிருந்து தள்ளி இருங்கள். கொடுங்கையூர் குப்பைக் கிடங்கு முந்நூறு ஏக்கருக்கு மேல். சாயங்காலக் கடல் காற்று அதன் நாற்றத்தை மேற்கே தள்ளும். ஆகவே கொடுங்கையூர், மூலக்கடை பக்கம் வீடு பார்த்தால் திருவொற்றியூருக்கு நேர்மாறாக, சாயங்காலம் போய் நின்று பாருங்கள்.

பொன்னேரி

வாடகையிலும் அமைதியிலும் இதற்கு இணை இல்லை. அதே காசுக்கு முருங்கை மரமும் திண்ணையும் உள்ள தனி வீடே கிடைக்கும். ஆனால் சென்ட்ரலுக்கு முப்பது கிலோமீட்டருக்கு மேல். லோக்கலில் ஒரு மணி நேரம். எக்ஸ்பிரஸுக்கு வழி விட்டு கொருக்குப்பேட்டை, பேசின் பிரிட்ஜ் பக்கம் வண்டி நின்றால் அதற்கு மேல். அதன் பிறகு மெட்ரோ. போக வர மூன்று மணி நேரத்துக்கு மேல் ரயிலுக்கே போய்விட்டால், அமைதியான வீட்டில் அவள் இருக்கும் நேரமே தூங்கும் நேரம்தான். சென்ட்ரல் பக்கத்திலேயே வேலை, ஐந்தரைக்கு டாண் என்று கிளம்பிவிடலாம் என்பவர்களுக்கு இது அருமையான இடம். மீஞ்சூர் அதைவிடக் கிட்டே இருந்தாலும், அங்கே கடல் நீர் நிலத்தடியில் பல பத்தாண்டுகளாக ஏறிவிட்டது. அனல்மின் நிலையங்களும் பக்கம். இன்னும் கொஞ்சம் போய்ப் பொன்னேரியிலேயே பார்ப்பது நல்லது.

கடைசியில் அக்கா மகள் எடுத்தது காலடிப்பேட்டை வீடு. அக்காவுக்குப் பெரம்பூர்தான் ஆசை. நானும் மூச்சை நினைத்து அதற்கே வாதாடினேன். வாடகை வித்தியாசமும், சென்ட்ரலில் தினமும் இறங்கி மாறும் அலைச்சலும் தராசை இந்தப் பக்கம் சாய்த்தன. விடியற்காலை வாடை அந்தத் தெருவில் வரவில்லை என்பதை வெவ்வேறு நாள் போய் உறுதி செய்த பிறகே நான் சம்மதித்தேன். பெரம்பூரில் மெட்ரோ ஓட ஆரம்பித்ததும் மறுபடி பார்ப்போம் என்று அக்காவிடம் சொல்லியிருக்கிறேன்.

எந்தப் பக்கம் எடுத்தாலும் பணம், பேப்பர் விஷயத்தில் கவனம் வேண்டும். 2019 பிப்ரவரியிலிருந்து நடைமுறையில் இருக்கும் தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி, வேறு மாதிரி ஒப்புக்கொண்டு எழுதினால் தவிர அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக் கூடாது. பத்து மாத அட்வான்ஸ் கேட்கும் ஓனர்கள் இன்னும் இருக்கிறார்கள். சட்டத்தைக் காட்டி மிரட்ட வேண்டாம். "மூணு மாசம்தாங்க முடியும், வாடகை அஞ்சாம் தேதிக்குள்ள கைல இருக்கும்" என்று மரியாதையாகக் கேட்டால் பலர் இறங்கி வருகிறார்கள். ஒப்பந்தம் எழுத்தில் இருந்து, வாடகை அதிகாரியிடம் பதிவாகவும் வேண்டும். வாய்ப்பேச்சு வேண்டாம். பெயின்டிங் செலவுக்கு எவ்வளவு பிடிப்பார்கள் என்பதையும் அதிலேயே எழுதச் சொல்லுங்கள். காலி செய்யும்போது சண்டை வருவது பெரும்பாலும் அதில்தான்.

கரன்ட் மீட்டரையும் பாருங்கள். வீட்டு இணைப்பு ஒன்றுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். அதன் பிறகு யூனிட் ஏற ஏறக் கட்டணமும் ஏறும். தனி மீட்டர் என்றால் அந்தச் சலுகை உங்களுக்கு. மூன்று வீட்டுக்கு ஒரே இணைப்பு, ஓனர் சப்-மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று வாங்குகிறார் என்றால், வாடகையில் 500 ரூபாய் குறைத்தாலும் வெயில் காலத்தில் அது வேறு வழியில் போய்விடும். சாவி வாங்கும் அன்றே மீட்டர் ரீடிங்கைப் போட்டோ எடுத்து ஓனருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள்.